மூச்சடக்கிய அம்பாசடர்

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கப்புறம் இந்தக் கரையில் மூச்சை அடக்கிக் காட்டியது எங்கப்பாவின் அம்பாசடர்தான்!

மே மாதம், ஞாயிறு மதியம். திருச்செந்தூரில் எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். முக்காணி தாண்டியதும் கார் நின்றுவிட்டது. காரணம் அடியேன். இன்ஜினோடு வந்த பழைய பெட்ரோல் பம்ப் டயாபிரம் கிழிந்துபோக, எலெக்ட்ரிக் பம்ப் வாங்கி, கைக்கு எட்டட்டும் என்று பானெட்டுக்குள்ளேயே, மேனிஃபோல்டு பக்கத்தில் மாட்டியிருந்தேன். என் புதுத் துண்டை நனைத்து நனைத்துப் பம்ப் மேல் போட்டு, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தால் மணி நாலரை. ராகு காலம்! காப்பி மட்டும் வந்தது, பெண் வரவில்லை.

மெக்கானிக் அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உப்பளத்துல மோட்டாரைக் கிணத்துக்கிட்ட வப்பாவளா, பாத்திக்கிட்ட வப்பாவளா?"

"கிணத்துக்கிட்ட."

"பொறவு? இந்தப் பம்ப்பு நல்லாத் தள்ளும் தம்பி, உறிஞ்சத்தான் வராது. தூரத்துல இருந்து இழுத்தா பெட்ரோல் சூட்டுல ஆவியாயிரும். ஆவியை வச்சு வண்டி ஓடுமா?"

பம்ப் பின்னால் போய், டேங்க் அருகே தாழ்வாக உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்தேன். கார்புரேட்டர் பொங்கி வழிந்தது! நான் வாங்கிய பம்ப் 7 பவுண்டு பிரஷர். கார்புரேட்டரின் நீடில் வால்வுக்கு மூணே ஜாஸ்தி. நடுவில் ஒரு ரெகுலேட்டர் போட்டு, இரண்டரைக்கு இறக்கினார்.

அடுத்த ஞாயிறு மூன்றரைக்கே ஆஜர். காப்பித் தட்டோடு வந்த பெண் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"துண்டு காஞ்சுட்டா?"