இரண்டு கூடைகள்

"வயலுக்குக் குப்பை அடிக்கவேண்டும்" என்று எங்கள் பூம்பாறையில் ஒரு குடியானவர் சொன்னால், யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வதில்லை. படிக்கட்டுப் போன்ற நிலங்களில் மலைப்பூண்டு பயிரிடும் அவருக்குக் குப்பை என்பது எரு. பட்டணத்தாருக்கோ அது வீட்டைவிட்டுத் தொலையவேண்டிய சனியன்.

தொலைந்த சனியன் எங்கே போகிறது? 2022 ஏப்ரல் இறுதியில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி நகரத்துப் பிரம்மபுரத்தில் மூண்ட தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட நேர்ந்தது. மேலே எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் இத்தகைய தீ அடியில் கனன்றுகொண்டே இருக்கும். சோறும் காய்கறித் தோலும் காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும்போது மீதேன் என்னும் எரிவாயு உண்டாகிறது. அதனுடன் பிளாஸ்டிக்கும் விறகாகச் சேர்ந்துவிட்டால் கேட்கவேண்டுமா? அப்புகையில் நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களும், டையாக்ஸின் போன்ற நஞ்சுகளும் கலந்திருக்கின்றன.

இதைச் சொல்ல எனக்குப் பூரண யோக்கியதை இல்லை. பள்ளிக்கூடத்தின் பின்புறம் காகிதத்தோடு பிளாஸ்டிக் உறைகளையும் குவித்துக் கொளுத்தியவர்களில் நானும் ஒருவன். மார்கழிக் காலை ஒன்றில் அந்தப் புகை மேலெழாமல் பள்ளத்தாக்கிலேயே படுத்துக்கொண்டது. குளிர்ந்து கனத்த காற்று கீழே தங்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் நின்றதே காரணம். வகுப்பில் இதைப் பாடமாக நடத்தியவன் நானேதான்! முன்வரிசைப் பிள்ளைகள் இருமியபோதுதான் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்தது. எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் கட்டணம் விதித்தது. ஆனால் எந்த அதிகாரியும் நம் அடுக்களைக்குள் வந்து நிற்க முடியாதல்லவா? ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் இரண்டு கூடைகளில் போடவேண்டியவர்கள் நாமே. கலந்தால் இரண்டும் கெடும். பிளாஸ்டிக் கலந்த எருவைக் குடியானவர் வாங்கமாட்டார். குழம்பு பட்ட காகிதத்தைப் பழைய காகிதக் கடைக்காரர் தொடமாட்டார். பிறகு மிஞ்சுவது குப்பைமேடும் தீயுமே.

நாம் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மறுபடி ஒன்றாகக் கொட்டாதிருப்பது நகராட்சியின் கடமை. அப்படிக் கொட்டினால் தட்டிக்கேட்கும் உரிமை, முதலில் பிரித்துக் கொடுத்தவருக்கே உண்டு.

ஆகவே, இன்று பூண்டு உரிக்கும்போது அந்தத் தோல் எந்தக் கூடைக்குப் போகிறது என்று சற்றே கவனியுங்கள். இங்கே எங்கள் ஊரில் அது மறுபடியும் வயலுக்குத்தான் போகும்.