ஐந்து விநாடி தாங்குமா?

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். அங்கே யாரும் நடப்பதில்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போகும். அந்த நெரிசலில் பந்தோபஸ்துக்கு நிற்கும் சப்-இன்ஸ்பெக்டரின் இடுப்பில் பிஸ்டல் இருந்தால், அதைச் சுற்றி நூறு கைகள் உரசிக்கொண்டு போகின்றன. அதில் ஒரு கை கெட்ட கையாக இருந்தால்?

பர்சை அடித்தால் பணம் போகும். பிஸ்டலை உருவினால் உயிர் போகும். அவர் உயிர் மட்டுமா? பக்கத்தில் புடவை எடுக்க வந்தவர், கடை வாசலில் நிற்கும் பையன், எல்லோருக்கும்தான் ஆபத்து.

அந்தக் கைக்கும் பிஸ்டலுக்கும் நடுவே இருப்பது உறை ஒன்றுதான். துப்பாக்கி வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள், உறை என்றதும் "அட, தோல் பைதானே, எதுவா இருந்தா என்ன?" என்று சொல்லிவிடுகிறார்கள். உறை பை அல்ல. அது பூட்டு. பூட்டை வாங்குவது போலத்தான் அதை வாங்க வேண்டும்.

மூன்று வேலை

உறைக்கு மூன்று வேலை உண்டு. அடுத்தவன் இழுத்தால் விடக்கூடாது. உரியவர் இழுத்தால் ஒரே கையில் உடனே வரவேண்டும். உள்ளே இருக்கும்வரை விசையின் மேல் எதுவும் படக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த உறை குப்பைக்குத்தான் லாயக்கு.

மூடி போட்ட பழைய காலத்துத் தோல் உறை மழைக்கும் தூசிக்கும் நல்லது. சுலபத்தில் உருவவும் முடியாது. ஆனால் அவசரத்தில் மூடியைத் திறப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். மேலே ஒரே ஒரு வாரும் பொத்தானும் வைத்த உறையில் வேகம் உண்டு. ஆனால் உரியவரின் கட்டைவிரலுக்குத் திறக்கிற பொத்தான், பின்னால் நிற்கும் திருடனின் விரலுக்கும் திறக்கும்!

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். பறித்த துப்பாக்கியாலேயே போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்ற சம்பவங்கள் அங்கே நிறைய. எப்.பி.ஐ.யில் வேலை பார்த்த பில் ராஜர்ஸ் என்பவர் 1970-களில் பாதுகாப்பு உறைகளைச் செய்தார். கூடவே ஒரு பரீட்சையையும் வைத்தார். உறையில் இருக்கும் துப்பாக்கியின் பிடியைப் பற்றி ஒருவர் முழுப் பலத்தோடு ஐந்து விநாடி இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் முதல் படி பாஸ். பிறகு பூட்டுகளில் ஒன்றைத் திறந்துவிட்டு மறுபடி ஐந்து விநாடி. தாங்கினால் இரண்டாம் படி. இப்படியே மூன்றாம் படி.

ஐந்து விநாடி என்ன கணக்கு? இடுப்பில் கை பட்டதை உணர்ந்து, திரும்பி, அந்தக் கையைத் தட்டிவிட ஒரு மனிதனுக்கு வேண்டிய அவகாசம் அது. அந்த அவகாசத்தைத் தராத உறை இருந்தும் இல்லாததும் ஒன்றே.

விசை ஜாக்கிரதை

க்ளாக் போன்ற இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் தனியாகத் தள்ளிவிடும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையை அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான். ஆகவே உறை விசையை முழுக்க மூடியிருக்க வேண்டும். நாள்பட்டுத் தொளதொளத்த தோல் உறையில் வாய்ப்பகுதி உள்ளே மடங்கும். பிஸ்டலைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடும். குண்டு அவர் தொடையிலேயே பாயும். பிஸ்டலை எடுத்த பிறகும் வாய் மூடாமல் விறைப்பாக நிற்கிற உறையே நல்ல உறை.

இன்னொன்று. "எல்லா பிஸ்டலுக்கும் சேரும் சார்" என்று விற்கிற உறை எதற்கும் சேராது. எந்த மாடலோ அந்த மாடலுக்கென்று செய்ததே வேண்டும்.

தோலா, பிளாஸ்டிக்கா?

ஷூவுக்குப் போடும் மெத்தென்ற குரோம் தோல் இதற்கு ஆகாது, நீண்டுவிடும். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட கெட்டித் தோலை நனைத்து, துப்பாக்கியின் வடிவுக்கே அழுத்திக் காயவைத்துச் செய்ய வேண்டும். தையல் நெருக்கமாக இருக்க வேண்டும்.

ஆனால் சென்னையின் வேர்வையும் உப்புக்காற்றும் தோலுக்கும் எதிரி, இரும்புக்கும் எதிரி. தோல் உறையிலேயே ராத்திரி பகலாகத் துப்பாக்கியைப் போட்டு வைத்தால் ஈரம் ஏறித் துரு பிடிக்கும். டியூட்டி முடிந்ததும் எடுத்துத் துடைத்துத் தனியே வைப்பதே முறை.

கைடெக்ஸ் போன்ற கெட்டி பிளாஸ்டிக்கில் வேர்வை ஊறாது, வடிவம் தளராது. அதிலும் குறை உண்டு. திருகாணிகள் நாளடைவில் லூசாகும். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். வெயிலில் பூட்டிய ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்தால் நெளியவும் கூடும்.

எதுவானாலும் பெல்ட் சரியில்லை என்றால் எல்லாம் வீண். குண்டு நிரப்பிய பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. தொய்ந்த பெல்ட்டில் தொங்கினால் உறை ஆடும், பிஸ்டலை இழுக்கும்போது உறையும் கூடவே வரும். உறையின் வளையமும் பெல்ட்டின் அகலமும் பொருந்தியிருக்க வேண்டும்.

லைசென்ஸ்காரர்களுக்கும்தான்

இது போலீசாருக்கு மட்டும் உள்ள பேச்சு அல்ல. லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கும் வியாபாரிகளும் உண்டு. இடுப்பில் செருகிச் சட்டையை மேலே இழுத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் தப்பு. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று அமைந்த உறையிலோ பையிலோதான் கொண்டு போகவேண்டும் என்கின்றன. அது முழுவதும் மறைந்திருக்க வேண்டும்; வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். பஸ்ஸில் குனிந்தால் நழுவி விழுகிற துப்பாக்கி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது?

மலிவு மலிவல்ல

அரசாங்கக் கொள்முதலில், கேட்ட தரத்தைக் காட்டியவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். அது நல்ல முறைதான். ஆனால் கேட்கிற தரம் என்ன என்பதில்தான் சூட்சுமம். "கறுப்பு நிறத் தோல் உறை" என்று மட்டும் எழுதினால் கறுப்பாக ஏதோ ஒன்று வந்து சேரும். மாடல் என்ன, விசை மூடியிருக்கிறதா, ஐந்து விநாடி இழுப்பை எத்தனை முறை தாங்க வேண்டும், தையலும் திருகும் எத்தனை வருஷம் நிற்க வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும்.

வந்த சரக்கைச் சோதிக்கத் தூரம் போக வேண்டியதில்லை. தோல் பற்றிய சோதனைக்கு அடையாற்றில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மற்ற சோதனையை ஸ்டேஷனிலேயே செய்யலாம். குண்டு இல்லை என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த காலித் துப்பாக்கியை உறையில் போட்டு ஓடட்டும், ஜீப்பில் ஏறி இறங்கட்டும், தலைகீழாக உதறட்டும், பின்னாலிருந்து ஒருவர் இழுக்கட்டும்.

புது உறை வந்தால் புதுப் பழக்கமும் வேண்டும். பழைய பொத்தானுக்குப் பழகிய கை, ஆபத்து நேரத்தில் பழைய இடத்தையே தேடும். மாற்றிக் கொடுத்த அன்றே தெருவுக்கு அனுப்பாமல், காலித் துப்பாக்கியோடு கை தானாகப் போகிறவரை பயிற்சி கொடுக்க வேண்டும்.

துப்பாக்கிக்குச் செலவழிக்கும் பணத்தில் உறைக்கு ஆவது கொஞ்சம்தான். அதில் மிச்சம் பிடித்து யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை. அடுத்த முறை உறை வாங்க பைலில் கையெழுத்துப் போடும் அதிகாரி, பேனாவை மூடுவதற்கு முன் ஒரு உறையை வரவழைத்து, தாமே ஐந்து விநாடி இழுத்துப் பார்க்கட்டும்.

பார்ப்பார்களா?