டீக்கடை விஜயன்

கொச்சி விஜயன் 2021 நவம்பரில் மறைந்தபோது, டீ விற்றே 26 நாடுகள் பார்த்தவர் என்று எழுதினார்கள். ரஷ்யா போய் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மனைவி மோகனா கணவரை இழந்தார் என்றால் அது பாதிதான். கடையில் கூட்டாளி, விமானத்தில் பக்கத்து இருக்கை, பேச்சுத் துணை எல்லாம் அதே ஆள். பயணச் செலவுக்குத் தினம் 300 ரூபாய் எடுத்துவைத்து, மீதிக்கு வங்கிக் கடன். திரும்பி வந்து ஆற அமர அதை அடைப்பது. கடன் தீர்ந்ததும் அடுத்த தேசம்! வீடு கட்டக் கடன் வாங்கினால் கெட்டிக்காரன், ஊர் பார்க்க வாங்கினால் ஊதாரி என்கிறோம். கல்யாண மண்டபத்துக்கு வாங்குகிற கடனை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் ஓட்டு விஜயனுக்கு. இந்தப் பயணங்களால் அவருக்கு உள்ள பேரில் பாதி மோகனாவுக்கும் சேரவேண்டும். பெண்டாட்டி தலையாட்டாமல் எந்தக் கடைக்காரனும் இப்படிக் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்ப முடியாது.