பொல்லாத மனைவி

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் கூம்பு வடிவில் ஒரு பழைய கல்லறை நிற்கிறது. ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குப் பேருந்தில் வந்துபோகும் நாங்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள். தொல்லியல் துறையின் பட்டியலில் அது ஜோசப் ஹின்மர்ஸ், டேவிட் யேல் இருவரின் கல்லறை. ஒருவர் கேத்தரினின் முதல் கணவர். மற்றவன் இரண்டாம் மணத்தில் பிறந்து, குழந்தையாகவே இறந்த மகன். அந்த இரண்டு பெயர்களும் ஓரிடத்தில் சேர்ந்ததே கேத்தரினால்தான். அவர் பெயர் அங்கில்லை.

எலிஹு யேலைப் பற்றி எழுதுகிறவர்கள் கேத்தரினைப் "பணக்கார விதவை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஹின்மர்ஸ் இறந்தது 1680-ல். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் மறுமணம்; அந்தத் தேவாலயத்தில் நடந்த முதல் திருமணமே அதுதான். இவ்வளவு சீக்கிரமா என்று முகம் சுளிப்பவர்களைக் கேட்கிறேன்: பிள்ளைகளோடு, ஊருக்குப் போகவே மாதக்கணக்கில் கடல் கடக்க வேண்டிய ஒருத்திக்கு வேறு என்ன வழி இருந்தது?

அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி, மணமானதும் மனைவியின் பணமும் நகையும் கணவனுக்குச் சொந்தம். 1672-ல் கம்பெனி எழுத்தராக வந்திறங்கிய யேலின் சொந்த வியாபாரத்துக்கு ஹின்மர்ஸின் சொத்து கைகொடுத்தது. 1687-ல் அவர் ஆளுநர். காசிமேட்டில் மகளிர் குழுக் கடன் வாங்கிப் படகுக்கு எஞ்சின் போட்ட பெண்களை எனக்குத் தெரியும்; படகு கணவர் பெயரில். அவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

டேவிட் இறந்தபின் கேத்தரின் மகள்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். யேல், வைர வியாபாரி ஒருவரின் விதவையான ஹிரோனிமா டி பைவாவோடு வாழ்ந்தார். 1718-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்று, அவர் அனுப்பிய துணிமூட்டைகளுக்கும் புத்தகங்களுக்கும் நன்றியாக அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவரது உயிலிலோ மனைவிக்குக் கிடைத்தது "பொல்லாத" என்ற அடைமொழி. என்ன கொடுப்பது என்று எழுதவேண்டிய இடம் வெற்றிடம்.

கேத்தரினைத் தியாகியாக்கவும் எனக்கு மனமில்லை. யேல் ஆட்சிக்குழுவில் இருந்த 1680களில், ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றவேண்டும் என்று கோட்டை உத்தரவிட்டது. அந்த வீட்டின் எஜமானி இவர்.

அங்கே தகவல் பலகை வைப்பவர்கள் கேத்தரினின் பெயரை எழுதட்டும். இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றியும் எழுதட்டும். இடம் போதாதென்றால் யேலின் பெருமைகளில் சில வரிகளைக் குறைத்துக்கொள்ளலாம்.