ஆமைக்கு மணல் மெத்தை வேண்டாம்

என் வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் வாடிய முகத்துடன் வந்தார். அவர் வளர்க்கும் சுல்காட்டா ஆமைக்குஞ்சு நான்கு நாள்களாகச் சாப்பிடவில்லை. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, குடலில் மணல் அடைத்திருந்தது. "பாலைவன ஆமைதானே, அதனால்தான் மணல் பரப்பினேன், சார்" என்றார். நல்லவேளை, ஆமை பிழைத்துக்கொண்டது.

அவர் நினைத்ததில் பாதிதான் சரி. சுல்காட்டா, சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பைச் சேர்ந்தது. ஆனால், கடும் வெயிலில் அது மணல்மேல் கிடப்பதில்லை; மண்ணைத் தோண்டி, ஈரப்பதமுள்ள வளைக்குள் புகுந்துகொள்ளும். 2003இல் வெளியான வியன்னா ஆய்வொன்றில், வறண்ட சூழலில் வளர்ந்த சுல்காட்டாக் குஞ்சுகளின் ஓடு மேடுமேடாகப் புடைத்தது. உணவிலுள்ள புரதத்தைவிட ஈரப்பதமே இதில் பெரிய பங்கு வகித்தது.

"ஜொகூரில்தான் காற்றில் ஈரம் உண்டே!" என்பீர்கள். உண்மைதான். ஆனால் குளிர்சாதன அறையும் வெப்ப விளக்கும் அந்த ஈரத்தைக் குறைத்துவிடும்.

அப்படியானால் எதைப் பரப்பலாம்? என் கருத்தில், 'கோகோபீட்' என்று செடிக்கடைகளில் கட்டியாக விற்கும் தேங்காய் நார்த்தூளே நல்லது. விலை குறைவு, ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆமை தோண்டவும் ஏற்றது. உரம் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழியுங்கள். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் ஓடு அழுகும், சளியும் பிடிக்கும். குஞ்சு தன்னைப் புதைத்துக்கொள்ளும் ஆழத்திற்குப் பரப்புங்கள். தீனியைத் தட்டையான கல்மேல் வைத்தால் தூளை விழுங்காது.

தேவதாரு, பைன் மரச்சீவல்கள் வேண்டாம். அவற்றின் வாசனை எண்ணெய் சுவாசத்தைப் பாதிக்கும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து மண்ணும், உரமும் வெள்ளைக் குருணையும் கலந்த தொட்டி மண்ணும் ஆபத்தானவை.

எச்சத்தைத் தினமும் அகற்றுங்கள். ஆமையிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள்.

கடையில் பளபளக்கும் பொட்டலத்தை எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விலங்கு இயற்கையில் எப்படி வாழ்கிறது? பதிலைத் தேடிப் படித்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள். வாயில்லா உயிர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லாது. நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.