பயிற்சி ஆசிரியரின் கையில் போன்: என் கருத்து

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

என் தம்பி மகள் ஆசிரியர் பட்டயப் பயிற்சி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய்வருகிறாள். ராத்திரி பதினொரு மணிவரை போனும் கையுமாக வீடியோ, வினாடி வினா செயலி, மற்ற ஆசிரியர்களின் வலைப்பூ என்று தேடிக்கொண்டிருக்கிறாள். இதை வைத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் பெரிய வாக்குவாதம். "நாமெல்லாம் கரும்பலகையில் படித்துத்தானே ஆளானோம்" என்றார் ஒரு பெரியவர். "எல்லாமே யூடியூபில் இருக்கிறது, இனி டீச்சரே எதற்கு?" என்றான் ஓர் இளைஞன். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

முதலில் பெரியவர்களுக்கு. நான் பயிற்சி பெற்ற காலத்திலும் கரும்பலகை மட்டும் இல்லை. சார்ட், மின்னட்டை, ஃபிளானல் போர்டு, ஆணிமணிச் சட்டம், கையுறைப் பொம்மை எல்லாம் செய்தோம். வீட்டில் இருந்த தீப்பெட்டி, புளியங்கொட்டை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இவள் போனில் தேடுவதும் அதே வேலைதான். தேடிப் பார்க்க, செய்து பார்க்க, சரிவராததை விட்டுவிட ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கும் காலம் இந்த இரண்டு வருடம்தான். வேலையில் சேர்ந்தபின் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு பதிவேடும் எழுதுகிறவருக்கு எங்கே நேரம்?

அரசே அந்த வழியில்தான் போகிறது. 2017இல் தீக்ஷா தளம் வந்தது. 2018இல் வந்த நம் புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் காட்ட அப்பா அம்மா இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்கு டீச்சர்தான் காட்ட வேண்டும். டீச்சருக்கே தெரியாவிட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு. அதனால் அவள் கையில் இருக்கும் போனைப் பிடுங்காதீர்கள்.

இனி இளையவர்களுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று நான்காம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் நான்கில் ஒன்று என்பார்கள். மூன்றைவிட நான்கு பெரிதல்லவா? அவர்கள் கணக்குப்படி அது நியாயம். வீடியோ சரியான விடையைச் சொல்லும். ஆனால் மூன்றாம் வரிசைப் பையன் ஏன் தப்பாகச் சொன்னான் என்று அதற்குத் தெரியாது. டீச்சர் அவன் கையில் இரண்டு காகிதத் துண்டைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொல்லி, ஒன்றின்மேல் ஒன்றை வைக்கச் சொல்வார். ஐந்து நிமிடத்தில் அவனே சிரித்துவிடுவான். இதற்கு நெட் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம்.

அப்படியானால் எதற்குக் கருவி, எதற்குக் காகிதம்? என் தம்பி மகளிடம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஒன்று: கையால் காட்ட முடியாததை இது காட்டுகிறதா?
விதை முளைப்பதைப் பத்து நாள் காத்திருந்து டம்ளரில் பார்ப்பதுதான் நல்லது. ஆனால் இதயத்தின் உள்ளே வால்வு திறந்து மூடுவதை எந்தச் சார்ட்டிலும் காட்ட முடியாது. அங்கே வீடியோ வேண்டும். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் தளத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் இலவசமாகப் பல செயல்பாடுகள் இருக்கின்றன. பேட்டரி, ஒயர், பல்பை இழுத்து வைத்துச் சுற்று போட்டுப் பார்க்கலாம். வரைபடப் பாடத்துக்குக் கூகுள் எர்த்தில் பிள்ளைகளின் சொந்த ஊரைக் காட்டலாம். ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே, நம் பள்ளி எங்கே என்று அவர்களே விரல் வைத்துக் காட்டும்போது திசையும் அளவும் தானாகப் புரியும். பள்ளியில் சிக்னல் கிடைக்காது என்றால் முதல் நாளே வீட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டு: பிள்ளைகள் பார்க்கிறார்களா, செய்கிறார்களா?
ஆறு அங்குலப் போனை முப்பது பிள்ளைகளுக்குக் காட்டினால் முன்வரிசைக்குத்தான் தெரியும். பின்வரிசையில் சண்டை ஆரம்பிக்கும். ஆளுக்கொரு போன் கேட்கும் வினாடி வினா செயலி நம் பள்ளிகளுக்குச் சரிவராது. அதற்குப் பதில் ஆளுக்கு மூன்று அட்டையில் அ, ஆ, இ என்று எழுதிக் கொடுத்து விடையைத் தூக்கிக் காட்டச் சொன்னாலே, யாருக்குப் புரியவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.
போனிலேயே மிகப் பயனுள்ளது எது என்றால், யாரும் கண்டுகொள்ளாத குரல் பதிவுதான். ஒரு பிள்ளை வாசிப்பதை ஒரு நிமிடம் பதிவு செய்து அதற்கே போட்டுக் காட்டுங்கள். 'பழம்' என்பதைத் தான் 'பளம்' என்று சொல்வது அதன் காதிலேயே விழும். நாம் பத்து முறை திருத்துவதைவிட அது மேல். ஒரு நாளைக்கு 6 பேர் என்றால் 5 நாளில் 30 பேரும் முடிந்துவிடும்.

மூன்று: இதில் இருப்பது உண்மையா, நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?
நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கம் கசப்பு என்று பிரித்துக் காட்டும் படம் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தவறு. சுவை அரும்புகள் இருக்கிற எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பதும் அப்படித்தான். அழகான எழுத்தில் அச்சிட்டிருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. இப்போது ஏஐயிடம் கேட்டால் அரை நிமிடத்தில் பாடக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறது. யோசனைக்கு வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பனிமனிதனை எண்ணச் சொல்லும் பயிற்சித்தாளை நம் ஊர்ப் பிள்ளையிடம் நீட்டக் கூடாது. நுங்கையும் நாவற்பழத்தையும் அவள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல பாடம் நடத்தினால் உடனே பிள்ளைகளின் போட்டோவை முகநூலிலும் ஸ்டேட்டஸிலும் போடும் பழக்கம் பரவிவிட்டது. தப்பாக வாசித்து விழிக்கும் பிள்ளையின் வீடியோவைக்கூட வேடிக்கைக்காகப் போடுகிறார்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரியவனாகிப் பார்த்தால் என்ன நினைப்பான்? 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளை என்றால் போடுவோமா? வாசித்த பதிவைப் பிள்ளைக்குக் கேட்கக் கொடுத்துவிட்டு அழித்துவிட வேண்டும்.

கடைசியாக, என் மனதை உறுத்துவது மதிப்பெண். பயிற்சி வகுப்பைப் பார்வையிட வருகிறவர்களில் சிலர் புரொஜெக்டர் ஓடினால் அதிக மதிப்பெண், ஓடாவிட்டால் குறைவு என்று போடுகிறார்கள் என்று பயிற்சி மாணவர்கள் சொல்கிறார்கள். இப்படிச் செய்தால் அவர்கள் பிள்ளைகளுக்காகத் தேட மாட்டார்கள், பார்வையாளருக்காகத் தேடுவார்கள். இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் பள்ளிகளுக்கு அறிவியல், கணிதப் பெட்டிகள் வந்தன. பிள்ளைகள் உடைத்துவிட்டால் யார் கணக்குச் சொல்வது என்று பயந்து பீரோவில் வைத்துப் பூட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பார்வையிட வரும் நாளில் மட்டும் அது வெளியே வரும். இன்றைய கருவிகளுக்கும் அந்தக் கதி வரக் கூடாது.

என் மாணவர்களில் சிலர் இன்று ஆசிரியர்களாகவும் ஆசிரியப் பயிற்றுநர்களாகவும் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பயிற்சி வகுப்பைப் பார்க்கப் போனால் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்காருங்கள். பாடம் முடிந்ததும் நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இன்றைக்கு என்ன படித்தீர்கள்? ஒன்று செய்து காட்டு" என்று கேளுங்கள். செய்து காட்டினால் போன் வைத்து நடத்தினாலும் புளியங்கொட்டை வைத்து நடத்தினாலும் முழு மதிப்பெண் போடுங்கள்.

உங்கள் வகுப்பில் உண்மையிலேயே பலன் கொடுத்த ஒரு கருவியை, எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று சேர்த்துக் கீழே எழுதுங்கள். பலன் கொடுக்காததையும் எழுதுங்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்