முட்டை கப்பலேறுகிறது, கணக்கைப் பிளஸ் 1-லேயே விட்டுவிடுகிறோம்

2025 ஜூனில் நாமக்கல்லில் இருந்து ஒரு கோடி முட்டைகள், 21 கன்டெய்னர்களில், முதன்முறையாக அமெரிக்காவுக்குப் புறப்பட்டன. அங்கே பறவைக் காய்ச்சலால் கோழிகள் கோடிக்கணக்கில் அழிக்கப்பட்டு முட்டை விலை எகிறியிருந்த நேரம் அது. ஆகஸ்ட் முடிவதற்குள் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் எடை குறைந்த முட்டைகளை ஏற்க மறுத்துக் கத்தார் புது வரம்பு வைத்திருந்தது. அந்தப் பிரச்சினை மாநிலங்களவை வரை போனது.

கோழித் தீவனமும் உலகச் சந்தையை நம்பித்தான். சோயா புண்ணாக்கு விலை தாங்க முடியாமல் ஏறியபோது, 2021-ல் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றப்பட்ட சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை இருக்குமா என்பதை உலகச் சந்தையின் வெள்ளி விலை தீர்மானிக்கிறது. இப்படி உலக விலையோடு கட்டுண்டு வாழும் நாமக்கல், சேலம் வட்டாரத்துப் பிள்ளைகள், அந்த விலைகளைப் பற்றிய படிப்பான பன்னாட்டுப் பொருளியலில் முதுகலைக்குப் போக என்ன வேண்டும்?

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உலகப் பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.ஏ. இருக்கிறது. இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கழகம் வர்த்தகம், நிதி ஆகியவற்றைச் சிறப்புப் பாடமாக வைத்து எம்.ஏ. பொருளியல் நடத்துகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுப் பொருளியல் என்ற பெயரிலேயே முதுகலை உண்டு. விண்ணப்பப் படிவங்கள் வெவ்வேறாக இருக்கலாம். எதிர்பார்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: நுண்ணியல், பேரியல் பொருளாதாரத்தில் நல்ல அடித்தளம், கணிதம், புள்ளியியல், ஆங்கிலம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவுசார் பொருளியல் முதுகலைக்குப் பிளஸ் 2-வில் கணிதம் படித்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்விலும் ஒரு தாள் முழுக்கக் கணிதம்.

பொருளாதாரத்துக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று கேட்பவர்கள் அந்த அமெரிக்க வரியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் சுமை யார் தலையில் விழும்? அங்கே கடை விலை ஏறுமா, இங்கே பண்ணையாளருக்குக் கிடைக்கும் கொள்முதல் விலை இறங்குமா? வாங்குபவருக்கு வேறு முட்டை கிடைக்கிறதா, விற்பவருக்கு வேறு சந்தை இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது இரு பக்கமும் பிரியும். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ 20 வாரம் ஆகும். வரி வந்துவிட்டது என்பதற்காக முட்டையிடும் கோழியை நிறுத்தி வைக்கவும் முடியாது. முட்டையை நெடுநாள் தேக்கி வைக்கவும் முடியாது. ஆகவே, வேறு நாட்டுச் சந்தை உடனே கைகொடுக்காவிட்டால் பெரும்பங்கு பண்ணையாளர் மேல் விழும். எவ்வளவு பங்கு என்று எண்ணாகச் சொல்வதற்கு, விலை மாறும்போது வாங்கும் அளவும் விற்கும் அளவும் எவ்வளவு மாறும் என்று காட்டும் தேவை நெகிழ்ச்சி, அளிப்பு நெகிழ்ச்சி வேண்டும். அவற்றைக் கணக்கிட வகையீடு வேண்டும். பல ஆண்டு விலைப் பட்டியலில் இருந்து பிரித்தெடுக்கப் புள்ளியியல் வேண்டும். பேரம் பேசும் மேசையில் இந்த எண்ணோடு உட்காருபவர் சொல்லுக்கு இருக்கும் எடை, வெறும் கோரிக்கை மனுவுக்கு இருப்பதில்லை.

வழி அடைபடும் இடம் பிளஸ் 1 சேர்க்கை. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நான்காவது பாடமாக வணிகக் கணிதமும் எடுக்கலாம், கணினிப் பயன்பாடும் எடுக்கலாம். கணக்குக்குப் பயந்தும், மதிப்பெண்ணை நினைத்தும், அந்தப் பிரிவே பக்கத்துப் பள்ளியில் இல்லாமலும் ஏராளமானோர் கணிதத்தை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கணிதத்தில் கெட்டிக்காரர்களைப் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தயார் செய்வதில் பெயர் வாங்கியவை நாமக்கல் மாவட்டத்தின் உண்டு உறைவிடப் பள்ளிகள். அங்கே பொருளியல் என்றொரு பாதை இருப்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. பதினைந்து வயதில் எடுத்த அந்த முடிவு, இருபத்தொரு வயதில் பி.ஏ. பொருளியல் பட்டத்தோடு நிற்பவரை மறிக்கிறது. இது பிள்ளைகளின் குறை அல்ல; சொல்லித் தராத நம் குறை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல் இதில் முன்னோடிதான். பிளஸ் 2 பொருளியல் புத்தகத்தில் பன்னாட்டுப் பொருளியலுக்குத் தனி இயலும், பொருளாதார அளவையியலுக்கு ஓர் அறிமுகமும் தமிழிலேயே இருக்கின்றன. தமிழில் அதைப் படித்துத் தேறியவருக்கு அடுத்த கதவில் இன்னொரு தடை. மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான க்யூட்டை இளநிலைக்குத் தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதலாம். முதுநிலை க்யூட்டில் பொருளியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. இந்தியில் படித்த மாணவருக்குக் கிடைக்கும் வசதி ராசிபுரத்து மாணவருக்கு ஏன் இல்லை? இதற்கு நியாயமான பதில் கிடையாது.

வெளிநாடு என்றால் பணமும் சேர்ந்துகொள்கிறது. கோட்டிங்கனில் கல்விக் கட்டணம் இல்லை, பருவக் கட்டணம் மட்டுமே. ஆனால் 2022 நவம்பரில் இருந்து இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழைப் பெற வேண்டும். விசாவுக்கு ஆண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த வரம்பு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே அதை விசாரிப்பது நல்லது.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் தொடங்கப்பட்டது. பி.ஏ. பொருளியல் மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க வகையீடு, அணிகள், புள்ளியியல் சொல்லித்தரும் இணைப்புப் பாடத்தை அதன் இணைவுக் கல்லூரிகளில் கட்டாயமாக்கலாம். 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் முதுநிலை க்யூட் பயிற்சியையும் சேர்க்கலாம். முதுநிலை க்யூட்டில் தமிழ் கேட்டு நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் குரல் கொடுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பொருளியல் பக்கம் மனம் போகும் பிள்ளையைப் பிளஸ் 1-ல் கணிதம் உள்ள பிரிவிலேயே சேருங்கள். வணிகக் கணிதம்தான் கிடைக்கிறது என்றால் அதை எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் சேர நினைக்கும் நிறுவனம் அதைக் கணிதமாக ஏற்கிறதா என்று அதன் அறிவிப்பை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.